அறுபதில் இரண்டு

என்னிடம் ஏற்கெனவே பதினேழு இருக்கிறது.
பதினேழு படங்கள் அல்ல,
அறுபதில் பதினேழாவது.
கீழே இடது ஓரம், பென்சிலால், கொஞ்சம் சாய்வாக
17/60.
வலது ஓரம் ரெகுலா எஷ்லிமான், 1974.
நடுவே ஒரு சிவப்பு வட்டம்
அதன் மேல் ஏறி உட்காரப் பார்க்கும் நீலப் பட்டை
இரண்டும் மோதுமிடத்தில் கத்தரிப்பூ நிறம்.
அவ்வளவுதான் படம்.
அதற்குப் பதினொரு மாதம் தவணை கட்டினேன்.

இழுப்பறையில் கிடக்கிறது
அமிலமில்லாத மெல்லிய தாளுக்கடியில்
வெயில் படாமல், விருந்தாளி படாமல்.
ஞாயிறுகளில் கைகழுவி, ஈரம் போகத் துடைத்து
திறந்து பார்த்துவிட்டு மூடுவேன்.
"பாங்கில போட்டால் வட்டியெண்டாலும் வரும்"
என்பார் மச்சான் நிமலரூபன்.

பல் செய்யும் கூடத்தில் எனக்கு நிறம்தான் வேலை.
யாருடைய முன்பல்லுக்கோ
பக்கத்துப் பல் முகம் சுளிக்காத ஒரு வெள்ளையைத்
தேடிச் சுட்டெடுப்பது.
எங்கள் அட்டவணையில் பதினாறு வெள்ளை உண்டு.
அதனால்தான், போன சனிக்கிழமை, பீல் ஊர்ப் பழம்பொருள் கடையில்
பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் மூடி இல்லாத சட்டிகளுக்கும் நடுவே
சுவர் பார்த்து நின்ற சட்டகத்தைத் திருப்பியதும்
முதலில் தாளைப் பார்த்தேன்:
ஏ-மூன்றரை. நாற்பது வருடம் புகைத்தவரின் பல்.
பிறகுதான் வட்டம் தெரிந்தது.

41/60.

சிவப்பு செங்கல்லாகியிருந்தது.
நீலம், பலமுறை துவைத்த பள்ளிச் சீருடை.
கத்தரிப்பூ இருந்த இடத்தில்
ஆறிப்போன தேநீரின் ஆடை.
"சட்டகம் நல்லது, பன்னிரண்டு பிராங்க்" என்றார் வூத்ரிஷ் அம்மா,
"படத்தைக் கழற்றி எறிந்துவிடலாம்."
இருபது நீட்டி, மீதி எட்டை எண்ணி வாங்கினேன்.
வெட்கம் பேருந்தில் ஏறிய பிறகுதான் வந்தது.

வீட்டில் இரண்டையும் பக்கம் பக்கமாகக் கிடத்தினேன்.
ஒரே வலை, ஒரே மை, ஒருவேளை ஒரே மத்தியானம்.
பதினேழு நேற்றுப் பிறந்த மாதிரி.
நாற்பத்தொன்று எங்கெங்கோ இருந்துவிட்டு வந்திருக்கிறது.

அப்போது கண்டேன்.
வட்டத்தின் அடிப்பக்கம், உள்ளங்கைக்கும் சிறிதாய்
ஒரு நீள்சதுரம் மட்டும் வெளுக்காமல்.
மேற்பாதி அன்றைய சிவப்பு
கீழ்ப்பாதி அன்றைய தாள்
பி-ஒன்று, சிறுபிள்ளையின் பல்.
யாரோ கண்ணாடிக்கு முன்னால் எதையோ சாத்தி வைத்திருக்கிறார்கள்.
ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல.
தூசி தட்ட எடுத்து, அதே இடத்தில்
அதே கோணலில் திரும்ப வைத்திருக்கிறார்கள்.

அளந்தேன். ஒன்பதுக்கு ஆறரை.
தபாலட்டை அதற்குப் பெரிது.
என் ரயில் சலுகை அட்டையை வைத்தேன்,
நாலு பக்கமும் எட்டிப் பார்த்தது.
ஒரு முகமாக இருக்கலாம்.
கட்ட மறந்த மின்கட்டணச் சீட்டின் மடிப்பாகவும் இருக்கலாம்.

அறுபது அடித்து முடிந்ததும் வலையைக் கழுவிவிடுவார்கள்,
அறுபத்தொன்று பிறக்கக் கூடாது என்று.
பிறந்துவிட்டிருக்கிறது.

துளைக்கருவியோடு நிமலரூபன் வந்தார்.
"ஒரே படத்தை ரெண்டு தரம் வாங்கினனீங்களோ?"
"இல்லை. இது வேற, அது வேற."
இந்த ஊரில் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர்,
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
தெரு ஒன்றுதான் என்கிறார்கள்.
இருபது வருடமாக நடக்கிறேன், எனக்கு நிச்சயமில்லை.

மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் துளை போட்டார்.
நாற்பத்தொன்றைத் தூக்கி நீட்டினார்.
"அதில்லை, மற்றது" என்றேன்.
பதினேழு மேலே ஏறியது.
நாற்பத்தொன்றை மெல்லிய தாள் சுற்றி இழுப்பறையில் படுக்க வைத்தேன்.
அது பார்த்த வெயில் போதும்.

கீழே ஒரு தாழ்ந்த அலமாரியை நகர்த்தி வைத்தோம்.
அதன் மேல் இன்னும் ஒன்றும் இல்லை.
நாலு மணி வெயில்
நீலத்தின் தோள்வரை வந்திருக்கிறது.